உரிமை கோரமாட்டோம் என்றொரு வசனம்

தாள்களில் கையொப்பம் வைத்து வைத்தே களைத்துப் போனவர்கள் நாங்கள். இடம்பெயர்ந்தபோது பதிவு, முகாமில் பதிவு, மீளக்குடியேறியபோது பதிவு, வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு, பிறகு கடனுக்குப் பிணை. இவற்றில் முழுக்க வாசித்துப் பார்த்து வைத்த கையொப்பங்கள் குறைவு. வாசிக்க எங்களுக்கு நேரம் தந்தவர்களும் குறைவு. ஆதலால் ஒரு தாளில் "உரிமை" என்ற சொல்லும் "இல்லை" என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எங்கள் நெஞ்சு பதறுவது இயல்புதான்.

இன்று சிறுதொழில் செய்யும் எங்கள் சகோதரிகள் பலர், தாங்கள் செய்யும் பொருளுக்கு ஒரு பெயர் வைத்து அந்தப் பெயரைப் பதிவு செய்ய விரும்புகிறார்கள். அது நல்ல விருப்பம். ஆனால் அந்த வழியில் போகிறவர்கள் ஒரு கட்டத்தில், "இந்தச் சொல்லுக்குத் தனி உரிமை கோரமாட்டோம்" என்று எழுதிக் கொடுக்கும்படி கேட்கும் ஒரு வசனத்தைச் சந்திக்கக்கூடும். நாங்களும் சந்தித்தோம். அந்த வசனம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை எங்கள் குழுவின் அனுபவத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் பதினொரு பெண்கள். கணவனை இழந்தவர்கள், பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், போரில் ஒரு காலையோ கையையோ கொடுத்தவர்கள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் பதமாக வறுத்து, மில்லில் அரைப்பித்து, பைக்கற்றில் அடைத்து விற்கிறோம். வறுப்பதில் பெரியக்காவை மிஞ்ச ஆளில்லை. அவர்தான் எங்கள் சங்கத்தின் தலைவியும். நான் கணக்கு எழுதுகிறவள். ஓரளவு ஆங்கிலம் வாசிப்பேன் என்பதால் கடிதங்களும் என் கைக்கு வந்து சேரும்.

முதலில் சரையில் சுற்றித்தான் விற்றோம். பிறகு வெள்ளைப் பைக்கற்றில். வாங்கியவர்கள் மறுபடி வந்து கேட்கத் தொடங்கியபோதுதான், எங்கள் தூளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்ற எண்ணம் வந்தது. எங்கள் வளவு வேம்பில் வந்து இருக்கும் ஒரு பறவையின் பெயரை வைத்தோம். லேபிளில் மேலே பறவையின் படமும் பெயரும். அதன் கீழே, "வன்னியில் அரைத்த சுத்தமான மிளகாய்த்தூள்" என்று ஒரு வரி. குறியின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. பதிவு முடியும்வரை அது எங்களோடு இருக்கட்டும்.

இலங்கையில் இந்தப் பதிவைச் செய்வது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். அதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். நாங்கள் பொருளுக்கு வைக்கும் பெயரையும் படத்தையும் சட்டம் "குறி" என்கிறது. ஒருவரின் பொருளை மற்றவரின் பொருளிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான் குறியின் வேலை. கடையில் பத்துப் பைக்கற் அடுக்கியிருக்கும்போது, "உது அவையின்ரை தூள்" என்று ஒரு பிள்ளை கூடக் கைநீட்டிச் சொல்ல உதவுவது எதுவோ, அதுவே குறி.

அப்படிப் பிரித்துக் காட்டாத சொற்களைத் தனியாகப் பதிய முடியாது. சட்டத்தின் 103ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பொருளின் வகை, தரம், அளவு, பயன்பாடு, பெறுமதி, அது உண்டான இடம், உண்டான காலம் ஆகியவற்றை மட்டும் சொல்லும் சொற்கள் குறியாக ஏற்கப்படமாட்டா. எங்கள் லேபிளின் கீழ்வரியை எடுத்துப் பாருங்கள். "மிளகாய்த்தூள்" என்பது பொருளின் வகை. "சுத்தமான" என்பது தரம். "வன்னி" என்பது இடம். மூன்றும் விபரம் சொல்லும் சொற்கள். பறவையின் பெயர் மட்டும் மிளகாய்த்தூளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் அது நல்ல குறி.

விண்ணப்பம் அனுப்பிச் சில காலத்தின் பின் ஒரு கடிதம் வந்தது. குறியை ஏற்கலாம், ஆனால் "வன்னி", "சுத்தமான", "மிளகாய்த்தூள்" ஆகிய சொற்களைத் தனித்தனியே பாவிக்கும் ஏகபோக உரிமையை நாங்கள் கோரவில்லை என்ற நிபந்தனைக்கு உடன்பட வேண்டும் என்பது அதன் சாரம். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். வறுத்துக்கொண்டிருந்த அகப்பையை வைத்துவிட்டுப் பெரியக்கா கேட்டார்.

"பிள்ளை, உரிமை கோரமாட்டம் எண்டு நாங்களே எழுதிக் குடுக்கிறதோ?"

நான் பதில் சொல்லவில்லை.

"இவ்வளவு காலமும் உரிமை கேட்டெல்லோ றோட்டோரத்திலை பந்தலுக்குள்ளை இருந்தனான்."

அவருடைய மகன் 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு வரவில்லை. மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம், உதவிப்பணம் கிடைக்கும் என்று சொன்னார்கள். அவர் கையொப்பம் வைக்காமல் எழும்பி வந்தவர். அந்தத் தாளில் கையொப்பம் வைத்தால், மகன் இருக்கிறான் என்று கேட்கும் உரிமையைத் தானே விட்டதாகும் என்பது அவருடைய எண்ணம். அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அப்படிப்பட்ட ஒருவரிடம், "உது ஒண்டுமில்லை அக்கா, சும்மா ஒரு நிபந்தனை, வையுங்கோ" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையொப்பம் வைக்கப் போகிறவருக்கு அது என்ன தாள் என்று தெரிய வேண்டும். அதைத் தெரிந்து சொல்வது வாசிக்கத் தெரிந்தவளின் கடமை. இரண்டு மூன்று நாட்கள் கேட்டேன், தேடினேன், வாசித்தேன்.

நான் விளங்கிக்கொண்ட முதல் விடயம் இது. உரிமையைத் துறப்பது வேறு, உரிமை கோராமல் இருப்பது வேறு. துறப்பது என்றால் எங்களிடம் இருப்பதை விடுவது. காணியைத் துறந்தால் காணி போய்விடும். கோராமல் இருப்பது என்றால், முன்பும் எங்களுக்குத் தனியாகச் சொந்தமாக இல்லாத ஒன்றை இப்போதும் கேட்காமல் இருப்பது. "மிளகாய்த்தூள்" என்ற சொல் எங்கள் பதினொரு பேருக்கும் எப்போதாவது சொந்தமாக இருந்ததா? எங்கள் அம்மாக்களும் அம்மம்மாக்களும் சொன்ன சொல் அது. ஊரெல்லாம் சொல்லும் சொல்.

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1909இல் லண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று விண்ணப்பங்கள் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. ஒரு சவர்க்காரக் கம்பனி "பெர்ஃபெக்ஷன்" என்ற சொல்லைத் தனக்குப் பதியக் கேட்டது. "குறையில்லாதது" என்பது அதன் பொருள். இன்னொரு கம்பனி "ஓர்ல்வூலா" என்ற சொல்லைத் துணிக்குக் கேட்டது. முழுக்கக் கம்பளி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை எழுத்து மாற்றி எழுதியதுதான் அது. மூன்றாவது, "கலிபோர்னியா சிரப் ஒஃப் ஃபிக்ஸ்" என்ற அத்திப்பழப் பாணி மருந்து.

முதல் இரண்டும் மறுக்கப்பட்டன. தன் பொருள் குறையில்லாதது என்று சொல்ல எந்த வியாபாரிக்கும் உரிமை உண்டு, அந்தப் புகழ்ச்சிச் சொல்லை ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது. எழுத்தை மாற்றி எழுதினாலும் காதுக்கு அதே சொல்தான், ஆகவே அதுவும் செல்லாது. அந்தத் துணி முழுக்கக் கம்பளி என்றால் அந்தச் சொல் வெறும் விபரம், கம்பளி இல்லையென்றால் அது ஏமாற்று. மூன்றாவது மட்டும் ஏற்கப்பட்டது. ஏனென்றால் பல வருடப் பாவனையால், அந்தப் பெயரைக் கேட்டாலே அந்தக் கம்பனியின் மருந்துதான் என்று சனங்கள் அடையாளம் காணத் தொடங்கியிருந்தார்கள். இலங்கைச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. ஒரு குறி எவ்வளவு காலம் பாவிக்கப்பட்டு வந்தது என்பதையும் பணிப்பாளர் நாயகம் கவனத்தில் எடுக்க வேண்டும்.

அந்த வழக்கில் நீதிபதி கோசன்ஸ் ஹார்டி சொன்ன கருத்து என் மனத்தில் நின்றது. மொழி என்பது எல்லோருக்குமான பெரிய பொதுநிலம் மாதிரி, பணமுள்ள வியாபாரிகள் அதில் ஒரு துண்டை வேலிபோட்டு அடைத்து, இன்றைக்கு இருப்பவர்களையும் நாளைக்கு வரப்போகிறவர்களையும் உள்ளே விடாமல் தடுக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் கருத்து. வேலி போட்டு அடைத்த காணிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியிருந்தபோது இவற்றை என்னால் முடிந்த மாதிரிச் சொன்னேன். பெரியக்கா குறுக்கே ஒன்றும் பேசாமல் கேட்டார். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார்.

"அப்ப லேபிளிலை இருந்து அந்தச் சொல்லுகளை வெட்டவேணுமோ?"

"இல்லை அக்கா. எல்லாச் சொல்லும் லேபிளிலை அப்பிடியே இருக்கும். அந்தச் சொல்லை மற்றவை எழுதக்கூடாது எண்டு மட்டும் நாங்கள் சொல்லேலாது."

"சரி. நாளைக்கு ஒரு பெரிய கொம்பனி வந்து 'வன்னி' எண்ட சொல்லு தங்களுக்குத்தான் எண்டு எழுதி எடுத்தால்?"

"அவைக்கும் இதே நிபந்தனைதான் அக்கா. அவையும் அதைத் தனிய எடுக்கேலாது."

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப குளம் ஊருக்கு. குடம் எங்கடை" என்றார். நான் ஞாயிறு முழுவதும் விளங்கப்படுத்தியதை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். தாளை என்னிடம் வாங்கி, ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டு, இது என்ன சொல், இது என்ன சொல் என்று கேட்டார். பறவையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் கையொப்பம் வைத்தார்.

பெரியக்கா செய்த அந்தக் கடைசி வேலையை எல்லோரும் செய்ய வேண்டும். இந்த நிபந்தனை நியாயமானது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உடன்படத் தேவையில்லை. எந்தெந்தச் சொற்களுக்கு உரிமை கோரவில்லை என்று கேட்கிறார்களோ, அவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீங்களே கண்டுபிடித்த பெயரோ, பொருளோடு தொடர்பில்லாத பெயரோ அதில் சேர்ந்திருந்தால் உடன்பட முன் காரணத்தை எழுதி விளக்கம் கொடுங்கள். அந்தச் சொல் ஏன் விபரச்சொல் அல்ல, எவ்வளவு காலமாகப் பாவிக்கிறீர்கள், எங்கெங்கே விற்கிறீர்கள் என்பதை பில், பழைய லேபிள் முதலியவற்றோடு காட்டலாம். அவசியமென்றால் ஒரு சட்டத்தரணியின் ஆலோசனையைப் பெறுங்கள். விபரச்சொல்லை விடுவதால் நட்டமில்லை. பெயர்ச்சொல்லை விட்டால் பதிவே வெறுமையாகிவிடும்.

எது விபரச்சொல், எது பெயர்ச்சொல் என்று எப்படிப் பிரிப்பது? நான் பாவிக்கும் வழி இலகுவானது. இதே பொருளைச் செய்யும் இன்னொரு பெண், தன் பைக்கற்றில் உண்மையைச் சொல்ல இந்தச் சொல்லை எழுத வேண்டிவருமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அது விபரச்சொல். "உறைப்பு", "வறுத்த", "நல்லெண்ணெய்", "ஒடியல் மா", "கைத்தறி" எல்லாம் அப்படியானவை. இல்லை என்றால் அது உங்கள் பெயராகலாம். தூளுக்குப் பறவை, சவர்க்காரத்துக்கு ஒரு நட்சத்திரம், பைக்கு ஒரு பூச்சி. பொருளை நேரே சொல்லாமல் மனத்தில் ஒரு நினைவை எழுப்பும் சொற்களும் உண்டு. அவை நடுவே நிற்பவை. சில ஏற்கப்படும், சில ஏற்கப்படாது.

தமிழில் எழுதினால் கொழும்பில் விளங்காது, விபரச்சொல்லையும் பதிந்துவிடலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியில்லை. பிற மொழிச் சொல்லானால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் விண்ணப்பத்தில் தர வேண்டியிருக்கும். இந்தியாவில் 1950களில் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சமையலுக்குப் பாவிக்கும் கடலை எண்ணெய்க் கொழுப்புக்கு "ரசோய்" என்ற பெயரைப் பதியக் கேட்டார்கள். அந்தச் சொல்லுக்குச் சமையல் என்று பொருள். ஆங்கிலச் சொல்லாக இல்லாவிட்டாலும் நாட்டுச் சனங்களுக்கு விளங்கும் சொல், பொருளின் பயனை நேரே சொல்கிறது என்று அது மறுக்கப்பட்டது. எங்கள் தமிழ்ச் சொற்களுக்கும் அதே நீதிதான். அது எங்களுக்குப் பாதுகாப்பும் கூட. தமிழ் தெரியாத எவரோ வந்து "பனங்கட்டி" என்ற சொல்லைத் தன் பெயராக எழுதிக்கொண்டு போவதையும் அதே நீதி தடுக்கிறது.

எங்களில் பலர் பாவித்த சன்லைட் சவர்க்காரத்தின் கதையும் இதுதான். இங்கிலாந்தில் பலசரக்கு வியாபாரம் செய்த வில்லியம் லீவர் முதலில் தன் சவர்க்காரத்தை "சுத்தமான தேன்" என்று பொருள்படும் பெயரில் விற்றார். விற்பனை நன்றாக நடந்தது. ஆனால் அந்தச் சொற்களை யாரும் எழுதலாம் என்பதால் மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். பாதுகாக்கக்கூடிய ஒரு பெயர் வேண்டும் என்று லிவர்பூலில் குறிப் பதிவுகளைக் கவனிக்கும் ஒருவரிடம் போனார். அவர் தாளில் எழுதிக் கொடுத்த சில பெயர்களில் ஒன்று "சன்லைட்". சூரிய வெளிச்சம். சவர்க்காரத்தில் சூரியனும் இல்லை, வெளிச்சமும் இல்லை. லீவருக்கு முதலில் அது பிடிக்கவுமில்லை. சில நாள் யோசித்த பிறகுதான் அதன் அருமை தெரிந்து 1884இல் பதிந்தார். "சுத்தமான" என்ற சொல் எல்லோரிடமும் இருக்கிறது. "சன்லைட்" அவரிடம் மட்டும் இருந்தது.

நாங்கள் கையொப்பம் வைத்ததனால் எதையாவது இழந்தோமா என்று இன்னொரு பக்கத்தாலும் யோசித்துப் பார்த்தேன். பக்கத்துக் கிராமத்திலும் எங்களைப் போல் ஒரு பெண்கள் குழு இருக்கிறது. அவர்களும் வறுத்து அரைத்து விற்கிறார்கள். அவர்களும் வன்னியில்தான் அரைக்கிறார்கள். "வன்னி" என்ற சொல் எங்களுக்கு மட்டும் என்றால், அவர்கள் தங்கள் சொந்த ஊரின் பெயரைத் தங்கள் பைக்கற்றில் எழுத எங்களிடம் வந்து அனுமதி கேட்க வேண்டும். நாங்கள் அவர்களுக்கு எதிராகக் கடிதம் அனுப்ப வேண்டும். ஒரே பதுங்குகுழிக்குள் இருந்த பெண்கள் நாங்கள். அப்படி ஒரு உரிமையை வைத்து என்ன செய்வது? அந்த வசனம் எங்கள் கையைக் கட்டவில்லை. எங்கள் கை மற்றப் பெண்களின் கையைக் கட்டாமல் பார்த்துக்கொள்கிறது.

உண்மையில், இப்படி ஒரு கூற்றை எழுதினாலும் எழுதாவிட்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. பதிந்த குறி இருந்தாலும், மற்றவர்கள் தங்கள் பெயரையோ ஊரின் பெயரையோ பொருளின் வகை, தரம், உண்டான இடம் பற்றிய சரியான விபரங்களையோ நல்லெண்ணத்தோடு எழுதுவதைத் தடுக்க முடியாது என்று எங்கள் சட்டமே சொல்கிறது. பிரித்தானியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, விண்ணப்பிப்பவர் தானாக விரும்பினால்தான் இந்தக் கூற்றை எழுதுகிறார். அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு அலுவலகம் அதைக் கட்டாயம் எழுதும்படி கேட்கலாம். வெளிநாட்டிலுள்ள உறவுகள் மூலம் தூளும் பனங்கட்டியும் அனுப்ப நினைப்பவர்கள், ஒவ்வொரு நாட்டிலும் பதிவு தனித்தனி என்பதையும், அங்கும் இந்த வசனம் வரலாம் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஊரின் பெயரால் வரும் மதிப்பை ஒருவரும் காப்பாற்ற முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். தனியாக அல்ல, சேர்ந்து. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைப் பாருங்கள். முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டால்தான் அந்த இலச்சினையைப் போடலாம். 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. அது ஒரு கம்பனிக்குக் கிடைத்த பெயர் அல்ல. சொல்லப்பட்ட முறைப்படி உற்பத்தி செய்பவர்களுக்கான பெயர். எங்கள் நாட்டுச் சட்டத்தில் பலர் சேர்ந்து பாவிக்கும் கூட்டுக் குறிக்கும் இடமுண்டு. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பெண்கள் குழுக்கள் ஒருநாள் இதைப் பற்றிச் சேர்ந்து யோசிக்கலாம்.

இன்னுமொரு விடயம். விபரச்சொல்லுக்குத் தனி உரிமை இல்லை, ஆனால் பொறுப்பு உண்டு. பொருளின் தன்மையைப் பற்றியோ அது வந்த இடத்தைப் பற்றியோ சனங்களை ஏமாற்றக்கூடிய குறியையும் சட்டம் ஏற்காது. இலங்கையில் விற்கப்படும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. எங்கள் பக்கத்து மிளகாய் எல்லாக் காலத்திலும் எங்களுக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் நாங்கள் "வன்னி மிளகாய்" என்று எழுதாமல் "வன்னியில் அரைத்த" என்று எழுதினோம். "சுத்தமான" என்று எழுதியதால் மல்லியில் கல் அரிப்பதற்கு ஒரு ஆள் கூடப் போட்டிருக்கிறோம்.

பதிய விரும்பும் சகோதரிகளுக்காகச் சில குறிப்புகளைச் சொல்லி முடிக்கிறேன். பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மிளகாய்த்தூள், கறிச்சரக்கு, அரிசிமா ஆகியவை 30ஆம் வகுப்பு. ஊறுகாய் 29ஆம் வகுப்பு. சவர்க்காரம் 3ஆம் வகுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி விண்ணப்பம் என்பதால், எதை விற்கிறீர்களோ அதற்கு மட்டும் முதலில் விண்ணப்பியுங்கள். லேபிளில் பெயர் பெரிதாகவும் விபரம் சிறிதாகவும் இருக்கட்டும். விபரச்சொற்களால் மட்டும் நிரம்பிய லேபிளில், உரிமை கோராத சொற்களைக் கழித்தால் மிஞ்சுவதற்கு ஒன்றும் இராது. குறி ஏற்கப்பட்டால் வர்த்தமானியில் வெளியிடப்படும். அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபனை இல்லையென்றால் பதிவு கிடைக்கும். அது பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு பத்துப் பத்து வருடமாகப் புதுப்பிக்கலாம். வந்த கடிதம் ஒவ்வொன்றையும் திகதியோடு ஒரு கோவையில் வையுங்கள். பதில் சொல்லவேண்டிய திகதியைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

எந்தத் தாளானாலும், "இதிலை எங்கடை எது, பொதுவிலை எது?" என்று கேட்டுத் தெளிந்த பிறகு கையொப்பம் வையுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருத்தி உங்கள் குழுவில் இருந்தால், அவள் அவசரப்படாமல் வாசித்துச் சொல்லட்டும். கேட்பவர்களும் வெட்கப்படாமல் கேட்கட்டும். எங்கள் குழுவில் இப்போது மின்சாரப் பட்டியல் வந்தாலும், வங்கிக் கடிதம் வந்தாலும், பெரியக்கா முதலில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிறார். மற்றவர்களும் அவரைப் பார்த்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். என் வேலை கூடிவிட்டது. அதில் எனக்குச் சந்தோசம்தான்.